பாலத்தைத் தாண்டும் உத்தரவு

1

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து சுட்டேன். ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "வெளிநாட்டுல நிக்கிற படைக்கு உத்தரவு அனுப்பினா மட்டும் போதாது சார். அங்க இருக்கிறவன் அதை வார்த்தை பிசகாம திருப்பிச் சொல்லணும். நாம 'சரி'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் அது உத்தரவே இல்ல" என்றார். என் வீட்டில் மளிகைச் சாமானுக்கும் இதே சட்டம்தான் என்பதால் உடனே புரிந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: பீரங்கிகள் முழங்கின, வானம் செவ்…

(வேண்டாம். நான் பார்த்த ஒரே பீரங்கி பூங்காவில் இருக்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள்.)

இரண்டாவது: தலைமையகத்தின் ஜன்னலில்லாத அறையில், காதில் ஹெட்போனோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். கடல் கடந்து, பல நாட்டுக் கூட்டுப்படையோடு நிற்கும் அவர்கள் நாட்டுப் பிரிவில், ரேடியோவைப் பிடித்திருந்தவன் அவள் தம்பி. கூட்டுப்படைத் தளபதி எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போக மட்டும் சொந்த நாட்டின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் இப்போது அவள் கையில் இருந்தது. எதிர்க்கரையில் துப்பாக்கிகள் இருந்தன.

(அக்காவையும் தம்பியையும் ஒரே லைனில் உட்கார வைப்பார்களா? மாட்டார்கள். வழக்கமான ஆளுக்கு அன்று காய்ச்சல். எழுதுகிறவனுக்குக் காய்ச்சல் எப்போதும் கைகொடுக்கும்.)

3

அவள் உத்தரவை வாசித்தாள். தம்பி திருப்பிச் சொன்னான். பிசகில்லை. 'சரி' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"லைன் தெளிவா இல்ல. மறுபடி சொல்லுங்க."

சொன்னான்.

"இன்னொரு தடவை."

பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது மேலதிகாரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நிறுத்தும்மா. பேச்சுவார்த்தைல எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டாங்க. யாரும் பாலத்தைத் தாண்ட வேணாம். அனுப்பிட்டியா?"

"இன்னும் உறுதி ஆகல சார்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. உண்மையில் தம்பியைச் சாகடிப்பதாகத்தான் திட்டம். இலக்கியத்துக்கு நல்லது என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

4

ஒரே ஒரு உறுத்தல். முதல் பிரதியில் லைனில் இரைச்சல் வைத்திருந்தேன். இரண்டாவதில் எடுத்துவிட்டேன். இரைச்சல் இல்லையென்றால் அவள் வேண்டுமென்றே தாமதித்தவள். பேச்சுவார்த்தை முறிந்திருந்தால், ஏற்கெனவே அக்கரைக்குப் போயிருந்த, கூட்டுப்படையின் வேறு நாட்டுப் பிள்ளைகள் துணையில்லாமல் மாட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் அக்காக்கள் உண்டு.

விடுமுறையில் வந்த தம்பி சமையலறை வாசலில் நின்று கேட்கிறான்: "அக்கா, உன் குரல் எனக்குச் சுத்தமா கேட்டுச்சு. என் குரல் உனக்குக் கேக்கலையா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்குத் தம்பி கிடையாது. இருக்கிறவர்கள் யாராவது அவளுக்குப் பதில் எடுத்துக்கொடுங்கள்.