தொண்ணூற்றாறு அம்மாக்கள்

கம்ப்யூட்டர் திரையில், நாற்பத்தொன்றாவது படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டிலும் அதே சிரிப்பு. மகளுக்கு எரிச்சலாக வந்தது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது சோப்புக் கம்பெனி தன் பெருமையைச் சொல்லிக்கொள்ள எடுத்த குறும்படம் அது. பெட்டி அடுக்கும் பெல்ட் முன்னால் தொப்பியோடு அம்மா நிற்பது நான்கே விநாடி. விநாடிக்கு இருபத்துநாலு வீதம் தனித்தனிப் புகைப்படமாகப் பிரித்ததில் தொண்ணூற்றாறு அம்மாக்கள் கிடைத்தார்கள். பார்த்தவரை அத்தனை பேருக்கும் முகம் பளிச்சென்று இருந்தது. ஒருத்திக்கும் கையில்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி வெறும் வெள்ளைத் தீற்றல். மகளுக்கு வேண்டியதோ கைகள். வீட்டில் முதல் பட்டம் அவளை வாங்க வைத்தது அந்தக் கைகள்தான், சிரிப்பில்லை.

புகைப்படக் கண்காட்சியில் அவளுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் ஆணி, ஒரே ஒரு படம் மாட்ட. ஐந்து மணிக்குள் எந்தப் படம் என்று நம்பரை எழுதி அனுப்ப வேண்டும். கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்: "சிரிக்கிறதையே குடும்மா. பாக்கறவங்களுக்கு இதமா இருக்கும்." இதமாம். அந்த பெல்ட் முன்னால் வந்து எட்டு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னுமா என்னப் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டிருக்க?"

"உன் கையே தெரியலம்மா. ஒரு நொடி சும்மா வச்சிருந்தா என்ன?"

"வச்சிருந்தா பெட்டி விழும். கேமரா வந்த அன்னிக்கு சூப்பர்வைசர் பெல்ட்ட வேற வேகமா ஓட விட்டான். எங்க சுறுசுறுப்பக் காட்டணுமாம். அப்புறம் போதும்னு நிறுத்தினான்."

நிறுத்தினான். மகள் கடைசிப் படத்துக்கு ஓடினாள். அந்தக் காட்சியை வெட்டியவன் ஓர் இமைப்பொழுது பிந்தியிருக்கிறான். தொண்ணூற்றாறில் கைகள் நின்றிருந்தன. பத்து விரல்கள், மூன்றில் கட்டு. மேலே சிரிப்பு கழன்று வாய் தொங்கியிருந்தது.

"ஐயோ, பொணம் மாதிரி இருக்கேன். இதப் போயா மாட்டுவ?"

"இதான் நிஜம்."

"அப்ப அது?" அம்மா குனிந்து திரையின் மூலையில் சின்னதாக இருந்த நாற்பத்தொன்றை விரலால் அழுத்தினாள்.

"சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்ச."

"சொன்னாங்கதான். சிரிச்சது நான்தானடி. கல்யாண போட்டோல கண்ண மூடிட்டு நிக்கிறேன். ரேஷன் கார்டுல கேக்கவே வேணாம், உங்கப்பாவே அடையாளம் தெரியாம முழிச்சாரு. பொறந்ததுலேருந்து நான் நல்லா இருக்கிறது இந்த ஒண்ணுலதான். அதையும் தூக்கிப் போட்டுட்டு என் கட்டுப் போட்ட விரல ஊருக்குக் காட்டு. படிச்சவ நீ."

கோபம் யார்மேல் என்று மகளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சூப்பர்வைசர், பொறுப்பாளர் அம்மாள், அம்மா என்று ஒவ்வொருவர் மேலும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவளிடமே திரும்பி வந்தது.

"ஒண்ணுதான்மா அனுப்ப முடியும்."

"அனுப்பு. யாரு வேணாம்னா."

அம்மா போய்விட்டாள். பின்கட்டில் பாத்திரங்கள் உருளத் தொடங்கின. மணி நாலு ஐம்பத்திரண்டு. நம்பர் கேட்கும் கட்டம் காலியாகக் காத்திருந்தது. மகள் தொண்ணூற்றாறின் ஒன்பதை அடித்தாள், அழித்தாள்.

நாற்பத்தொன்றின் மேல் அம்மாவின் விரல் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கையில்லாத இடத்தில், ஒவ்வொரு ரேகையும் தெளிவாக, ஒரு விரல்நுனி.