படி மூன்று: எல்லா மாட்களையும் நீக்கவும்

1

இந்தக் கதை ஒரு வழிகாட்டிக் குறிப்பிலிருந்து வந்தது. அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

டாஸ்மேனியாவின் வடகரையில், பர்னியில், பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பிழைப்புக்குக் கணினி பழுது பார்க்கிறேன். மற்ற நேரத்தில் 'உப்புத்துறை' என்ற வீடியோ விளையாட்டின் ஆட்டக்காரர்கள் கூடும் இணையத் தளத்துக்கு நாட்டாமை. அந்த விளையாட்டில் சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. குளிரும் காற்றுமான ஒரு மீன்பிடி ஊர். அதில் குடியேறி, வலை வீசி, கூரை மாற்றி, அக்கம்பக்கத்தாரோடு பழகி வாழலாம். அதில் ஆயிரம் மணி நேரம் வாழ்ந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

எங்களுக்குள் இரண்டு கட்சி. நிறுவனம் பின்னால் தயாரித்துத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி டிஎல்சி. அதைக் காசு கொடுத்து வாங்குவது நியாயம் என்பவர்கள் ஒரு கட்சி. ஆட்டக்காரர்களே விளையாட்டைப் பிரித்துப் புதிதாக ஒரு வீட்டையோ ஆளையோ செய்து ஒட்டவைப்பது மாட். இலவசமாகக் கிடைக்கும் அதுவே போதும் என்பவர்கள் மற்றது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குவது என் பொறுப்பு.

போன மார்ச்சில் 'வடதீவு' என்ற டிஎல்சி வந்தது. மாட்கள் இருந்தால் அது ஓடாது. எப்படி நிறுவுவது என்று ஏழு படிகளில் எழுதிப் போட்டேன். படி மூன்று: எல்லா மாட்களையும் நீக்கவும். படி நான்கு: விளையாட்டைத் திறந்து, பழைய சேமிப்பின் மேலேயே ஒருமுறை சேமிக்கவும். இந்த இரண்டுக்கும் முன்னால் 'எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கவும்' என்ற ஒரு வரி வந்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை. நகல் எடுக்காமல் மாட் போடுகிற ஆள் உலகத்தில் உண்டா, இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு, என்று நினைத்துவிட்டேன்.

மெரின் டாலி நகல் எடுக்கவில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

*மெரின் கடைத்தெருவில் தனியாக நடந்தாள். எதிரே வந்தவர்கள் இரண்டு பேருக்கு வழி விட்டு* [வேண்டாம். முதல் வரியிலேயே பயமுறுத்துவது மலிவான வேலை.]

*மெரின், வயது நாற்பத்தொன்று, பள்ளிக்கூட உணவகத்தில் வேலை, கோபக்காரி,* [மெரின் படித்தால் மூன்றாவதை அடிக்கச் சொல்வாள்.]

*மெரினுக்கு ஒரு தங்கை* [இதை எழுதக் கூடாது.]

கூடாது என்றது மெரின். நடந்ததை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டிருந்தேன்.

"எழுதிக்கோ, எழுத்தாளரே. படி மூணு மாதிரி அதுவும் யார் தலையையாவது உருட்டட்டும். ஆனா என் தங்கச்சி அதுல வரக் கூடாது. பேரு, பேச்சு, ஒண்ணும் வரக் கூடாது."

நியாயம்தானே. ஒரு பாத்திரத்தை நீக்கிவிட்டு எழுதுவது என்ன பெரிய காரியம்?

3

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு மதியம். கடல்மீட்புக் கழகத்தின் பின்னறை. ஆளுக்கொரு மடிக்கணினியும் ஆளுக்கொரு தட்டுத் தின்பண்டமும் கொண்டுவந்து அங்கேதான் உட்காருவோம். அன்று நான், மெரின், டேரில். டேரில் லாரி ஓட்டுகிறவன். டிஎல்சி என்றாலே அவனுக்கு நெஞ்சு எரியும்.

"நாப்பத்தஞ்சு டாலரா? காசு குடுத்து ஏற்கெனவே வாங்கின ஆட்டத்துக்கா? சிப்பிக்கறி அடைச்ச ஸ்காலப் பை வாங்கினா மேல்மாவுக்குத் தனி விலைன்னு சொல்ற மாதிரி இருக்கு மச்சி."

"செஞ்சவங்களுக்கும் வயிறு இருக்குல்ல?" என்றாள் மெரின். "நான் வாங்குவேன்."

[                    ]

"திருடனுக்கு வாடகை கட்றவன்னு என்னைச் சொல்லாத, சொல்லிட்டேன். நீ ஓசியா செஞ்சு குடுத்து என்னத்தக் கண்ட?"

[                    ]

டேரில் தொடையில் தட்டிச் சிரித்தான். "சரியான அடி! வாங்கிக்கோ மெரின்!"

மெரின் தன் தட்டிலிருந்த கடைசி லாமிங்டன் கேக்கை எடுத்து இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். "தின்னு. தின்னாலாவது வாய் மூடும்."

இதைத் திரும்பப் படித்தேன். ஒருத்தியை எடுத்துவிட்டேன். ஆனால் மெரின் அவளுக்குப் பதில் சொல்கிறாள், டேரில் அவள் பேச்சுக்குச் சிரிக்கிறான், லாமிங்டன் அவள் பக்கம் நகர்கிறது. மூன்று பேர் என்று எழுதியிருக்கிறேன், நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மெரினின் விளையாட்டுக்குள் நடந்ததும் இதேதான்.

எனவே வாக்கை மீறுகிறேன். அவள் பெயர் பிரைடி. மெரினைவிட ஆறு வயது இளையவள்.

4

பிரைடிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கடைசி ஒரு வருடம் அவள் வீட்டைவிட்டு வரவில்லை. அந்த வருடத்தில்தான் அந்த மாட்டைச் செய்தாள். உப்புத்துறையின் அலைதாங்கிக் கற்சுவர் ஓரத்தில் நீலக் கூரை போட்ட ஒரு வீடு, உள்ளே அவள் ஜாடையில் ஒருத்தி. கதவைத் தட்டினால் ஜன்னலுக்கு வருவாள். பிரைடியின் சொந்தக் குரலில் முந்நூறு வாக்கியம் பேசுவாள், பாதிக்குமேல் வசவு. வீட்டைவிட்டு மட்டும் வெளியே வரமாட்டாள்.

"அவளைக் கொஞ்சம் நடக்க விடேன். பத்து வரி எழுதினா போதும்" என்று ஒருமுறை சொன்னேன்.

"நான் போகாத எடத்துக்கு அவ மட்டும் எதுக்குப் போகணும்?" என்றாள் பிரைடி.

பிறகு நிறுவனம், மாட்களைத் தன் கடையிலேயே விலைக்கு விற்று அதில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மாட் செய்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் ஒரு வழக்கம் உண்டு: செய்ததையெல்லாம் தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரைடி பிடுங்கினாள். தன் கணினியில் இருந்ததையும் அழித்தாள். "அவனுங்களுக்கு ஒரு டாலர்கூடக் குடுக்காத" என்று அக்காவிடம் சொன்னாள். ஆகஸ்டில் இறந்துபோனாள்.

அக்காவுக்கு மட்டுமே கொடுத்திருந்த அந்த நீலக்கூரை வீடு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே இடம் மெரினின் கணினி. ஏழு மாதம், வேலை முடிந்து வந்ததும் அந்த ஜன்னலைத் தட்டித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மார்ச்சில் வடதீவு வந்தது. நாலு நாள் வேறு எதையாவது பார்க்கலாம் என்று வாங்கினாள். 'நீக்கவும்' என்றால் ஓரமாக எடுத்து வைக்கும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து என் மூன்றாம் படியைச் செய்தாள். அது அழித்துவிட்டது. நான்காம் படியையும் செய்தாள்.

5

[இந்தப் பகுதியில் மெரின் என் கடைக்கு வந்து என்னைத் திட்டியதை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.]

6

திட்டி முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தபின், என் மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். நல்ல வெயில், தெருவில் பள்ளிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது.

திரையில் நீலக்கூரை வீடு இல்லை. அலைதாங்கியின் முனை வெறும் கல்லாகக் கிடந்தது. ஆனால் அந்த விளையாட்டு ஊரின் ரொட்டிக்காரி நேராக அங்கே போய், காற்றைத் தட்டி, காத்திருந்து, தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். சாயங்காலமானதும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, வெளிச்சம் மட்டும் நின்றது.

"பயப்படாத" என்றேன். இது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி. ஆட்டத்தின் நடுவில் மாட்டை எடுத்தால் அதன் கட்டளைகளில் சில சேமிப்புக் கோப்பிலேயே தங்கிவிடும். அநாதைகள் என்போம். சொல்லவேண்டிய ஆள் போய்விட்டாலும் சொன்ன வேலையை ஊர் செய்துகொண்டே இருக்கும்.

"அது எனக்கும் தெரியும். இதைப் பாரு."

ஆட்டத்துக்குள் கடைத்தெருவில் நடந்தாள். எதிரே வந்தவர்கள் விலகினார்கள். ஒருத்திக்கு விலகுகிற அளவைவிட அதிகமாக. அவளுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவள் சந்தில் திரும்பினாள், அங்கேயும் இடப்பக்கம். நின்றாள். ஓடிவந்த நாய் அவள் பக்கத்திலிருந்த ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு போனது.*

"அவ வீட்டைவிட்டு வரமாட்டாளே" என்றேன். "அதுக்கான வரியே கிடையாது. நான் அந்த மாட்டை உன் கணினியிலயே பிரிச்சுப் பாத்திருக்கேன்."

"அதத்தான் சொல்றேன்" என்றாள் மெரின். "வெளில வந்துட்டா."

நான் பயந்துபோனேன். கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

* விளக்கம் உண்டு: வீடு போனதும் அவளுக்கென ஒதுக்கிய இடம் பிடிப்பை இழந்து, அருகிலிருந்த ஆட்டக்காரரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். தளத்தில் இதை நான்தான் எழுதினேன். நாற்பத்து மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த நாற்பத்து மூன்றில் நான் இல்லை.

7

அநாதைகள் பெருகும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோப்பு வீங்கும். ஒருநாள் திறக்காமலே போகும். துப்புரவு செய்ய ஒரு கருவி இருக்கிறது. ஒரு பொத்தான்தான். அழுத்தினால் ஆட்டம் பிழைக்கும், ஊர் அவளை மறந்துவிடும்.

தளத்தில் ஆளாளுக்கு நீதி சொன்னார்கள். டிஎல்சி வாங்கினால் இப்படித்தான் என்றார் ஒருவர். மாட் என்றாலே குப்பை, நிறுவனம் செய்ததை மட்டும் ஆடு என்றார் இன்னொருவர். தங்கையை அழித்துவிட்டுத் தீவுக்குச் சுற்றுலாவா என்று ஒரு புண்ணியவான் கேட்டான். அவனைத் தளத்தைவிட்டு நீக்கினேன். அதில் எனக்கு நகல் எதுவும் தேவைப்படவில்லை.

"சுத்தம் பண்ணிடு மெரின்" என்றான் டேரில். அவனுக்குக் குரல் தழைந்திருந்தது. "வலிக்கும். ஆனா முடிஞ்சிடும்."

"முடியறதுக்கா இவ்வளவு நாள் திறந்து வச்சிருக்கேன்?"

8

போன ஞாயிறு, பின்னறையில், எங்கள் முன்னால்தான் நடந்தது. எப்படியும் கோப்பு சாகப்போகிறது, அதற்குள் அந்தத் தீவையாவது பார்த்துவிடுகிறேன் என்று மெரின் படகுத்துறைக்குப் போனாள். வடதீவுக்குப் போகும் படகில் படகோட்டியைத் தவிர ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாம். இருக்கை காலியாக இருந்தது. மெரின் கரையில் நின்று கேட்டாள்.

"இடமில்லம்மா" என்றான் படகோட்டி. "ஆள் ஏறியாச்சு."

பிறகு டேரில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், மெதுவாகச் சொன்னான்: "அவனுங்களுக்கு ஒரு டாலர் குடுக்கமாட்டேன்னா. ஓசில போறா பாரு."

மெரின் சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது.

"போகட்டும் விடு" என்றாள். "ஒரு வருஷமா ஜன்னலையே பாத்துட்டுக் கெடந்தா."

படகு போய்விட்டது. மெரின் கடைத்தெரு வழியாகத் திரும்பி நடந்தாள். எதிரே வந்தவர்கள் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நடந்தார்கள். ரொட்டிக்காரி அலைதாங்கிப் பக்கமே போகவில்லை. அன்று மாலை விளக்கும் இல்லை.

"இப்ப அவ பேரைப் போட்டுக்கோ" என்று மெரின் என்னிடம் சொன்னாள். "கோவிச்சுக்க அவ இங்க இல்ல."

9

முடிவுகள்.

அ) துப்புரவு செய்வது. டேரிலின் முடிவு. யோக்கியமானது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஆ) கோப்பை இனித் திறக்காமலே வைப்பது. அவள் படகில் போய்க்கொண்டே இருப்பாள், *நாமும் கரையில்* [நிறுத்திவிட்டேன். இது அழகாக எழுத வரும். அதனாலேயே நம்பவில்லை.]

இ) பின்னாலேயே போய்ப் பார்ப்பது. படகு திரும்பி வந்துவிட்டது. இப்போது இடம் இருக்கிறது என்கிறான் படகோட்டி. சிக்கல் இதுதான். வடதீவும் அதன் மனிதர்களும் நிறுவனம் புதிதாகச் செய்தவை. பிரைடியின் கை அவற்றில் ஒரு வரியில்கூடப் பட்டதில்லை. அநாதைக் கட்டளைகள் அங்கே எட்டவே முடியாது. அங்கே யாரும் யாருக்கும் விலகவில்லை என்றால், இத்தனை நாள் மெரின் பக்கத்தில் நடந்தது வீங்கிய ஒரு கோப்பு. அவ்வளவுதான். விலகினார்கள் என்றால், என்னிடம் அதற்கு விளக்கம் இல்லை.

மெரின் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தாள். "எனக்குத் தைரியம் இல்ல. நீ போய்ப் பாரு. பாத்துட்டு வந்து என்கிட்ட பொய் மட்டும் சொல்லாத."

இன்று காலை திறந்தேன். திறக்கவே இருபது நிமிடம் பிடித்தது. இன்னொருமுறை திறக்கும் என்று தோன்றவில்லை. படகில் ஏறினேன். தீவு தெரிந்ததும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு இந்தக் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். அவர்கள் விலக வேண்டும் என்று எனக்கு ஆசை. இவ்வளவு ஆசை இருக்கிறவன் கடைசி வரியை எழுதக் கூடாது. பார்த்துவிட்டால் மெரினிடம் உண்மையைச் சொல்லவேண்டி வரும். எழுதினால் ஆசையைத்தான் எழுதுவேன். உங்களுக்கு அவளைத் தெரியாது. படி மூன்றை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் பாருங்கள்.

ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டேன். நல்ல வெளிச்சம். படகு கரையை ஒட்டிவிட்டது. துறையிலிருந்து ஊருக்குள் போவது ஒற்றைப் பலகைப் பாதை. அதில் ஒருவரும் நிற்கவில்லை. மேலிருந்து மூன்று பெண்கள் மீன்கூடைகளோடு வரிசையாக இறங்கி வருகிறார்கள், ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு. பாதையின் நடுவுக்கு வந்ததும் அவர்கள்