ஸ்டேஷனைக் காப்பாற்றக் கூடிய கூட்டம்

ஸ்டேஷனை மூடக்கூடாது என்று கூடிய கூட்டத்தில் தோகுஜிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயிலில் வந்தவர் அவர் ஒருவர்தான். வாசல் முழுக்க மற்றவர்களின் கார்கள். தலைவர் மொரிஷிதாவோ, அந்தக் காலத்தில் ஊரே மண் சுமந்து ஸ்டேஷன் கட்டிய வரலாற்றை முடிக்கிற வழியாக இல்லை.

தோகுஜி எழுந்தார். "ரயிலு போயிடுமுங்க."

"மனுவுல கையெழுத்துப் போடாம எங்க ஓடுறீங்கண்ணே? உக்காருங்க, நான் கார்ல விட்டுடறேன்," என்றார் மொரிஷிதா.

உட்கார்ந்தார். கையெழுத்தும் போட்டார்.

திரும்பும் வழியில் லெவல் கிராசிங்கில் கார் நின்றது. ஒற்றைப் பெட்டி ரயில் ஆளே இல்லாமல் கடந்து போனது.

"பாத்தீங்களா, காலியாப் போவுது. இந்த ஊர்க்காரங்களத் திருத்தவே முடியாது," என்றார் மொரிஷிதா.

சட்டைப்பையில் எட்டிப் பார்த்த ரிட்டர்ன் டிக்கெட்டைத் தோகுஜி உள்ளே தள்ளினார்.