மூன்று வேளைத் தண்ணீர்

அந்த முக்காலியின் கால் ஆடியதை, தையல்கார அக்கா அதிலிருந்து விழுவதற்கு முன்பே நான் பார்த்தேனா, விழுந்த பிறகு பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவரைக் கொடிக்குக் கயிறு கட்ட அக்கா முக்காலியில் ஏறினார். நான் பக்கத்துப் பாத்தியில் குந்தியிருந்து வெங்காயத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் தளர்ந்து அசைவது போல ஒரு காட்சி தலைக்குள் இருக்கிறது. சொல்லலாமா என்று வாயைத் திறந்ததாகவும், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று மூடிக்கொண்டதாகவும் இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நடந்திருக்கும் என்பார்கள். அக்கா விழுந்தார். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது என் வேலை. பேசாமலிருப்பதற்கு ஒரு மனிதனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எனக்குத்தான். வீட்டிலும் நானும் புத்தகங்களும்தான். எங்கள் தெருவில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே, பழைய கார் கழுவும் கொட்டகையை இடித்துத் தோட்டம் போட்டபோது, பேசாமல் இருக்க இன்னொரு இடம் கிடைத்தது என்றுதான் பெயர் கொடுத்தேன். மொத்தம் இருபத்திரண்டு பாத்திகள். ஆளுக்கு ஒன்று, ஆறடிக்கு நாலடி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய்.

பேசாமல் இருக்க அங்கே வழியில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கு எதிர்ப் பாத்தி பஸ் டிரைவருடையது.

"என்ன சாமியாரே, வாயில கொழுக்கட்டையா?" என்பார், காலையில் பார்த்ததும். நான் சிரிப்பேன். "சிரிச்சிட்டாரு! இன்னிக்கு மழைதான்" என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

வாசலில் ஒரு பலகை. அதில் பதினோரு விதிகள். எழுதியவர் செயலாளர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இந்தக் கதைக்கு இரண்டு விதிகள் போதும். ஐந்தாவது: மாதக் கடைசி ஞாயிறு பாத்திகளைப் பார்வையிடும்போது, உரியவர் நட்ட பயிர் ஒன்றாவது உயிரோடு இல்லையென்றால், அந்தப் பாத்தி காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளுக்குப் போகும். ஏழாவது: அடுத்தவர் பாத்தியில் யாரும் கை வைக்கக் கூடாது, களை எடுப்பது, தண்ணீர் விடுவது உட்பட. மீறினால் சொந்தப் பாத்தி பறிபோகும்.

ஏழாவது விதி வந்ததற்கு டிரைவர்தான் காரணம். போன வருடம் செயலாளரின் பாத்தியில் புல் மண்டிவிட்டதே என்று இரக்கப்பட்டு, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சுத்தமாகப் பிடுங்கிக் குவித்து வைத்தார். அத்தனையும் காரட் நாற்று. அதன் பிறகு நாலு மாதம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் பத்து நிமிடம் பேசாமல் நின்றேன். அவர்தான் பேசினார்.

"தம்பி, என் கண்ணப் பாத்த டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா? நாள் பூரா ஊசிக் காதையே பாக்காத, நடுநடுவுல தூரமா பச்சையா எதையாவது பாருன்னாரு. என் ரூம்ல ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. கைய நீட்டினா தொடலாம். தூரமா பாக்கறதுக்கு எனக்குன்னு இருக்கறது அந்த ஆறடிதான். அதுவும் போகப் போகுது."

அவருடைய அறை எனக்குத் தெரியும். நடுப்பகலிலும் விளக்கு எரியும். மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் திரும்ப இடமிருக்காது.

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். தண்ணி ஊத்தறேன்னு யாரும் கெளம்பாதீங்க. என்னால இன்னொருத்தர் பாத்தி போச்சுன்னு வேணாம். இந்த ஒரு தடவ விதியத் தளர்த்துங்கன்னு செயலாளர் சார்கிட்டயும் போன்ல கேட்டுப் பாத்தேன்."

"என்ன சொன்னார்?"

"எல்லார்கிட்டயும் சொல்றதத்தான். லிஃப்ட்ல நாலு பேருன்னா நாலு பேருதாம்மா, அஞ்சாவது ஆள் நல்லவனான்னு கேட்டுகிட்டு இருக்க முடியாதுன்னாரு."

பார்வை நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. நல்ல வெயில் காலம். திரும்பும் வழியில் அந்த முக்காலியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, யாரும் வருவதற்கு முன், அக்காவின் பாத்திக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். வாழ்க்கையில் நான் மீறிய முதல் விதி அது. வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டபோது இருபத்தொரு பாத்திகளும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். நான் வரும்போதே மண் ஈரமாக இருந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த மாதத்தில் பனி கிடையாது. ஒருவேளை இன்றைக்கு ஏற்கெனவே ஊற்றிவிட்டு மறந்துவிட்டேனோ என்றும் தோன்றியது. என் நினைவை நான் எப்போதுமே முழுதாக நம்பியதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் ஊற்றினேன். இரண்டாவது வாரம் அவரை இலைகள் மஞ்சளடித்தன. கத்தரி தலையைத் தொங்கப் போட்டது. வெயிலுக்கு வாடுகிறது என்று முடிவு செய்து, இரண்டு வாளியை நாலு வாளியாக்கினேன்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள், எங்களுக்கு விடுமுறை. மதியம் தோட்டத்துக்குப் போனேன். அக்காவின் பாத்தி ஓரத்தில், காக்கிச் சட்டையோடு, கையில் வாளியோடு டிரைவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய வாளியை அப்படி மறைக்க முடியாது.

"நான் சும்மா... இந்தப் பக்கமா..." என்றார். அவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எத்தனை வாளி?" என்றேன்.

"மூணு. தெனமும். மதியானம் ட்ரிப் முடிஞ்சு வந்து ஊத்தறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்ககிட்டப் போய் இதச் சொல்றேன் பாருங்க!"

"நான் காலையில் நாலு."

டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார். தோட்டத்திலேயே பள்ளமான மூலை அது. காலைத் தூக்கினால் செருப்பு வராமல் சேற்றிலேயே நின்றது.

"அடப்பாவி சாமியாரே," என்றார் மெதுவாக. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா செடி பொழைச்சிருக்குமேய்யா."

"நீங்களும் சொல்லவில்லையே."

"நான் எப்படிச் சொல்லுவேன்? காரட் கேஸ் இன்னும் முடியல."

அவரையைத் தொட்டுப் பார்த்தோம். தண்டு அடியில் அழுகியிருந்தது. கத்தரி போய்விட்டது. மிளகாயும் போய்விட்டது. பின்பக்க மூலையில் மட்டும் என்னவோ களை அகல இலை விட்டுத் தழைத்திருந்தது. "இதுக்கு மட்டும் ஒரு கேடும் வரல பாரு" என்று டிரைவர் பிடுங்கப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "வேணாம். களைன்னு நான் பிடுங்கின லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

வேலி ஓரமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தோம். வெட்டி முடிப்பதற்குள் மாலை ஐந்து மணி. வாசல் திறக்கும் சத்தம் கேட்டு இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வந்தவர் செயலாளர். சுற்றுமுற்றும் பார்த்தார். பைக்குள்ளிருந்து ஒரு பூவாளியை எடுத்தார். குழாயில் பிடித்துக்கொண்டு வந்து அக்காவின் பாத்திக்கு, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவது போலப் பொறுமையாக ஊற்றினார்.

டிரைவரால் அடக்க முடியவில்லை. "தலைவரே! லிஃப்ட்ல அஞ்சாவது ஆள் ஏறிட்டாரு போலருக்கே!"

பூவாளி கீழே விழுந்தது. செயலாளர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. நான் பழகிய இடம் அது.

"அந்தம்மா போன்ல கேட்டப்ப முடியாதுன்னுட்டேன்," என்றார் கடைசியில். "வீட்டுக்குப் போனா சோறு எறங்கல."

"செத்த செடிக்குத் தண்ணி ஊத்தறீங்க சார்," என்றார் டிரைவர். "மூணு வேளையும் ஊத்தி மூணு பேருமாச் சேந்து மூழ்கடிச்சுட்டோம். நான் வேணும்னா என் கத்தரிச் செடிய நாலு பிடுங்கி வந்து இங்க நட்டுடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றார் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளான பல் டாக்டரம்மாவும் வந்திருந்தார். பதினாலு மாதமாக ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர். அன்றைக்குப் புது மண்வெட்டியோடு வந்திருந்தார். அதன் விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அக்கா இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். பாத்தியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஒன்பதாம் எண் பாத்தி. அவரை இல்ல. கத்தரி இல்ல. மிளகா இல்ல." கையிலிருந்த காகிதத்தை மடித்தார். "இதுக்கு அந்தம்மா காரணமில்ல. தெனமும் சாயங்காலம் நான் தண்ணி ஊத்தினேன். ஏழாவது விதிப்படி என் பாத்தியும் போகுது."

கூட்டம் கசமுசவென்றது. டிரைவர் கையைத் தூக்கினார். "மதியானம் நான்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இந்த இடத்தில் பேசாமல் நின்றால், என் வெங்காயம் எனக்கு. அதை நன்றாக உணர்ந்தேன். மறுபடியும் அந்த முக்காலிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பது போலிருந்தது.

"காலையில் நான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம், ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "அதுமட்டும் இல்லை அக்கா. நீங்கள் ஏறுவதற்கு முன்னால் அந்த முக்காலியின் கால் ஆடியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை. உங்கள் கால் உடைந்ததற்கு நான்தான்..."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இத்தன நாளா இதத்தான் மனசுல போட்டுக் கொடைஞ்சுகிட்டிருந்தியா?"

"ஆமாம்."

"அது என் முக்காலி. ரெண்டு வருஷமா ஆடுது. ஆடற கால வேலிப் பக்கமா வெச்சுத்தான் ஏறுவேன். அன்னிக்கு மாத்தி வெச்சுட்டேன். நீ சொல்லியிருந்தா, தெரியும் போடான்னுட்டு ஏறித்தான் இருப்பேன்."

முதலில் சிரித்தவர் டிரைவர். பிறகு எல்லாரும். நான் சிரித்தேனா என்பது நினைவில்லை. காதுகள் சுட்டது நினைவிருக்கிறது.

"ஒரு நிமிஷம்," என்றார் பல் டாக்டரம்மா. "அப்படின்னா நாலு பாத்தி காலியா? எனக்குப் பின்னால வரிசையில மூணு பேருதான் இருக்காங்க. போன் பண்ணி வரச் சொல்லட்டுமா?" அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பதினாலு மாத ஆசை மட்டும்தான்.

யாரும் பதில் சொல்வதற்குள் அக்கா ஊன்றுகோல்களோடு பாத்தியின் பின்பக்கம் போனார். "இத யாரும் பிடுங்கலியா?"

"அந்தக் களையா?" என்றார் டிரைவர். "அடுத்தவங்க பாத்தியில களைய எடுத்து நான் பட்டது போதாதா?"

"களையா? யோவ், இது சேம்பு! வீட்டுல நாலு சேப்பங்கிழங்கு மொளை விட்டுடுச்சு. தூக்கிப் போட மனசில்லாம இந்த மூலையில பொதைச்சேன். காஞ்ச மண்ணுல இது எங்க வரப் போகுதுன்னு மறந்தே போயிட்டேன்." ஒரு இலையைப் புறங்கையால் தட்டினார். அதில் நின்ற தண்ணீர் உருண்டு ஓடியது. "இதுக்குக் கால் நனைஞ்சுகிட்டே இருக்கணும். மூணு வேளையும் ஊத்தினீங்களா? நாலாவது வேளை ஊத்தினாக்கூட சந்தோஷமாக் குடிக்கும்."

செயலாளர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அளவு நாடாவை எடுத்து இலையின் அகலத்தை அளந்தார். அப்படி அளக்க எந்த விதியும் சொல்லவில்லை. எழுந்தபோது முழங்காலெல்லாம் சேறு.

"உரியவர் நட்டது. உயிரோட இருக்கு. ஒன்பதாம் எண் பாத்தி அந்தம்மாவுக்கே."

கைதட்டல் அடங்கியதும் டாக்டரம்மா மெல்லக் கேட்டார். "சரி, அந்த மூணு பாத்தி? ஏழாவது விதி?"

செயலாளர் முகம் தொங்கியது. டிரைவர் என்னைப் பார்த்தார். வாயடைத்து நிற்பதில் அன்றைக்கு அவர் எனக்குச் சரிசமம்.

"என் பாத்தியில கை வெச்சவங்களுக்கு நான்தானே தண்டனை சொல்லணும்?" என்றார் அக்கா. "மூணு பேரும் அவங்கவங்க பாத்தியில ரெண்டடி டாக்டரம்மாவுக்குக் குடுக்கணும். மூணு மூலையும் சேந்தா ஒரு ஆறடி வந்துடும்."

"மூணும் மூணு எடத்துல இருக்கே!" என்றார் டாக்டரம்மா.

"நடங்க டாக்டரம்மா. நாள் முழுக்க நின்ன எடத்துலயே பல்லுதானே பிடுங்கறீங்க."

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு மண்வெட்டியின் விலைச் சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, நேராக என் பாத்தியை நோக்கி வந்தார். என் வெங்காயத்தில் ஒரு வரிசை அன்றைக்கே போய்விட்டது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. அக்காவின் கால் கூடிவிட்டது; குளிர் நாளில் கொஞ்சம் விந்தி நடப்பார். மூக்குக் கண்ணாடியின் பவர் அதற்குப் பிறகு கூடவில்லை. அவருடைய பாத்தி முழுக்க இப்போது சேம்புதான். டாக்டரம்மாவுக்கு மறு வருடமே ஒரு முழுப் பாத்தி கிடைத்தது. மூன்று மூலைகளையும் அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். நாள் முழுக்கத் தோட்டத்தில்தான் இருக்கிறார். செயலாளர் ஏழாவது விதியை அழித்துவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார். யார் பாத்திக்கு யார் தண்ணீர் விட்டாலும் அதில் எழுத வேண்டும். தன் காரட்டை மட்டும் கம்பி வலை போட்டு மூடி வைத்திருக்கிறார். முக்காலிக்கு நான் புதுக் கால் போட்டேன். அதுவும் ஆடுகிறது, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் அதே நூலகத்தில்தான் இருக்கிறேன். காலை ஐந்தரைக்குத் தோட்டத்துக்குப் போகிறேன். தண்ணீர் விட்டால், பலகையில் எழுதிவிட்டு வருகிறேன்.