கெல்டன் மாளிகையின் வாயிற்கதவு

மாளிகை போன பிறகும் அதன் வாயிற்கதவு மட்டும் நின்றது. பூங்காவைச் சுற்றியிருந்த இரும்பு வேலியைப் போர்க்காலத்தில் விமானம் செய்யவென்று பிடுங்கிப்போனார்கள். கதவு அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவில் பூட்டிய கதவு. சாவி என்னிடம். அப்பா கெல்டனின் வாயிற்காவலர். அவருக்குப் பிறகு கதவோர வீட்டில் நான் ஒண்டிக்கட்டை.

மாளிகையில் தங்கிய பட்டாளம் அதைப் பாதி பாழாக்கியது. மீதியை இடிக்கக் கையெழுத்துப் போட்டவர் கடைசி வாரிசு மிஸ்டர் ஆப்ரி. வரி கட்ட வழியில்லையாம். மாடிப்படி அமெரிக்காவுக்குப் போயிற்று. ஏரியைத் தூர்த்தார்கள். பூங்கா முழுக்க இப்போது நிலத்தை வாங்கிய டக்கெட்டின் பார்லி வயல், நடுவே ஒரே ஒரு கிழட்டுத் தேவதாரு.

மிஸ்டர் ஆப்ரிக்கு இப்போது டவுனில் மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை. ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து, அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டுப் போவார். ஊரே கதவைச் சுற்றிக்கொண்டு போகும். அவர் மட்டும் மணியடித்துவிட்டு நிற்பார். வீட்டை இடித்த மனிதர்தானே, நிற்கட்டும் என்று நானும் ஆடி அசைந்துதான் போவேன்.

"என்ன ஹெட்டி, இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உங்களுக்குக் கதவு திறக்கணுமே, எங்கே சாகறது? அந்தப் பக்கமா சுத்தி வந்தா என்னவாம்? டக்கெட்டோட மாடெல்லாம் அப்படித்தான் வருது."

"நான் மாடு இல்லையே!"

வாரம் முழுக்க எனக்கு வாய்த்த பேச்சு அவ்வளவுதான்.

போன மாதம் டக்கெட் கதவை ஒரு ஹோட்டலுக்கு விற்றுவிட்டான். லாரிக்கு இடைஞ்சலாம்.

"அது யாருக்கு வேணும், சொல்லுங்க?" என்றான்.

எனக்கு வேணும்டா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "யாருக்கும் வேணாம்" என்றேன். மணியும் கதவோடு போயிற்று.

அவர் இனி எதற்காக நிற்பார்? அந்தப் பயத்தில் சனிக்கிழமை தூக்கமே இல்லை. ஞாயிறு காலை கேக் செய்தேன், நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரை உள்ளே கூப்பிடப் போகிறேன்.

பஸ் வந்தது. வாசலுக்கு ஓடினேன். கதவு இருந்த இடத்தில் அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தொப்பியைத் தூக்கினார்.

"வெளியே வராதே ஹெட்டி, குளிருது! பாவம், இவ்வளவு காலமா உன்னைப் படுத்திட்டேன். இனிமே உனக்கு என்னால தொந்தரவே கிடையாது."

டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பாடா, நிம்மதி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு நடந்தார்.

அடுத்த ஞாயிறு பஸ் இங்கே நிற்கவே இல்லை. தூரத்தில், ஆலைத் திருப்பத்தில் போய் நின்றது. அவர் இறங்கி, வரப்பில் கொஞ்ச தூரமே நடந்து மரத்தடிக்குப் போய்விட்டார். அந்த நிறுத்தம் எப்போதும் அங்கேதான் இருந்தது. இத்தனை வருடமும் மனிதர் சுற்றுவழியில் வந்திருக்கிறார்.