வாயைத் திறக்கக் கூடாத எட்டு நிமிடம்

பொது சுகாதார மாணவர்களுக்கு அன்று செய்முறைத் தேர்வு. பொடி, தைலம், மூச்சுப் பயிற்சி என்று ஆஸ்பத்திரிக்கு வெளியே ஜனங்கள் செய்துகொள்ளும் வைத்தியத்தை முகம் சுளிக்காமல் விசாரித்து அறிய வேண்டும். நோயாளியாக நடிக்க வரவேண்டியவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால், ஆசிரியை தன் அக்காவையே கூட்டி வந்திருந்தாள்.

அக்கா கையில் ஒரு தாள். முட்டிவலி, தைலம் தேய்க்கிறேன், வேறொன்றுமில்லை. இதை ஒப்பித்தால் போதும்.

நிஜத்தில் அக்காவுக்கு இதய வால்வு மாற்றி இரண்டு வருடம். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. பத்து நாளாக முன்கையில் நீலத் திட்டுகள். ஆசிரியை கேட்டால், கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள். எந்தக் கதவு ஒரே ஆளை இத்தனை தடவை இடிக்கும்?

முதலில் வந்தவன் தூங்குமூஞ்சி. வகுப்பில் தினமும் கொட்டாவி விட்டே அந்தப் பட்டத்தை வாங்கிய புண்ணியவான். நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தைலம் தேய்ச்சா இதமா இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"எங்கம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நான் திட்டமாட்டேன்."

அக்கா தாளைப் பார்த்தாள். பிறகு அதை நான்காக மடித்தாள்.

"ஒரு பொடி. இதயத்துக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்ல குடுத்தாங்க. மூணு வாரமா சாப்பிடுறேன்."

ஆசிரியைக்குப் பகீரென்றது. தாளில் அப்படியொரு வரியே இல்லை. கத்தியிருப்பாள். ஆனால் ஒரு மாணவனுக்கு எட்டு நிமிடம்; மணியடிக்கும்வரை மதிப்பெண் போட உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அந்த விதியை எழுதிய மகராசி அவளேதான். தவிர, இப்போது கத்தினால் அக்கா வாயை மூடிக்கொள்வாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் உண்டா?"

"உண்டு. ரெண்டும் சேர்த்துதான் சாப்பிடுறேன்."

"ஈறுல ரத்தம் வருதா?"

"பல்லு விளக்கினா வருது. நேத்து மூக்குலயும் வந்துச்சு."

ஆசிரியை பேனாவை மூடி வைத்தாள்.

"வீட்ல யாருக்காவது தெரியுமா?"

"என் தங்கச்சி இதுக்குத்தான் பாடமே நடத்துறா. அவகிட்ட எப்படிப்பா சொல்றது? முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சதுக்கே மூணு நாள் பேசல."

தூங்குமூஞ்சி ஆசிரியை பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "பொடிய இன்னியோட நிறுத்திடுங்கம்மா. அது மாத்திரையோட சேர்ந்து ரத்தக்கசிவ அதிகமாக்கலாம். மாத்திரைய மட்டும் டாக்டரக் கேக்காம விட்டுடாதீங்க. இப்பவே போய் ரத்தம் பரிசோதிக்கணும். பொடியையும் காட்டணும். கூட யார் வருவாங்க?"

மணியடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஆசிரியை எழுந்துவிட்டாள்.

"நான் வரேன்."

"திட்டுவியாடி?"

திட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"பொடி எங்கக்கா இருக்கு? வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டுப் போலாம்."

"வீட்ல எதுக்கு?" அக்கா கைப்பையைத் திறந்தாள். "நீ கண்டுபிடிச்சிடுவேன்னு போற இடமெல்லாம் தூக்கிட்டுத்தான் அலையறேன்."