தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாதை

அவனுக்கு ராக்கோழி என்று பெயர் வைத்தது அக்கா. பார்சல் கிடங்கில் ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? போன வருஷம் ஒரு நாள், பாதி ஷிப்டில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டான். இப்போது தீயணைப்பு நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிஷத்தில் ஓடிக் காட்ட வேண்டும். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. ஓடினால் வேலை, இல்லையென்றால் மறுபடியும் கிடங்கு.

மூன்று மாதமாக வாய்க்கால் கரையில் ஓடினான். இருபத்தைந்து நிமிஷம் நாற்பது விநாடி. மறுநாளும் அதே நாற்பது. எந்த மரத்தடியில் மூச்சு வாங்கும், எந்தப் பாலத்தில் கால் தளரும் என்பதெல்லாம் உடம்புக்கு மனப்பாடம். ஷூவைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

“செக்குமாடு கணக்கா ஒரே தடத்துல சுத்தினா வேற என்ன வரும்? வேற பாதையில போய்ப் பாரேன்டா” என்றாள் அக்கா.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. போய்ப் பார்த்தான். குவாரிப் பக்கம் நாய்கள் துரத்தின. வேகம் நல்ல வேகம்தான், தூரம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. மரப்பட்டறைக்குப் பின்னால் போன ஒற்றையடிப் பாதை பூட்டிய கேட்டில் முடிந்தது. மூன்றாம் நாள் ஆற்றோரம் போனவன் முழங்கால்வரை சேற்றோடு திரும்பினான்.

“பாதை தேடப் போனியா, நாத்து நடப் போனியா?” என்றார் மாமா. அக்கா புருஷன், பஸ் டிரைவர்.

நாலாம் நாள், ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மண்பாதை கிடைத்தது. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற ஆவலில் கால் தானாக ஓடியது. ஐந்து கிலோமீட்டர் முடிந்ததும் போனைப் பார்த்தான். இருபத்து நாலு நிமிஷம் பதினைந்து! அன்றிலிருந்து அதுதான் பாதை. போக ஓட்டம், திரும்ப பஸ். முட்டி வலித்தது, அதை யார் பார்த்தார்கள்?

ஒன்பதாம் நாள் இருபத்து மூன்று ஐம்பது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தான். வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது எங்கடா போய் முடியுது?”

“உங்க டிப்போ பின்னாடி.”

மாமா மெல்லுவதை நிறுத்தினார். “மாப்ளே, தொட்டியிலேருந்து டிப்போ வரைக்கும் நான் ஆக்சிலரேட்டர்ல கால் வைக்கிறதே இல்ல. வண்டி தானா உருளும். கண்ணுக்குத் தெரியாத இறக்கம்.”

அக்கா சிரிக்கத் தொடங்கி, தம்பி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“ஓடிட்டு வர்றேன்னு சொன்னே, எந்த வழியான்னு சொன்னியா? தினம் என் பஸ்லதானே ஏறி வந்தே? அந்தக் கிழட்டு வண்டி செகண்ட் கியர்ல முக்குறது காதுல விழலையா?”

விழவில்லை. தினமும் காதில் பாட்டு மாட்டியிருந்தான்.

தேர்வு மைதானம் தட்டு மாதிரி சமமாக இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் ஒன்பது விநாடி. ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த அதிகாரி அவன் பெயரை அடித்துவிட்டு, “ஒன்பது செகண்டுப்பா. ரெண்டு தும்மல் நேரம்” என்றார். ஆறுதலா, குத்தலா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கிடங்கில் அவனுடைய கையுறை அதே அலமாரியில் அப்படியே கிடந்தது. எவனும் எடுக்கவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்த காலை, டிப்போ வாசலில் மாமாவின் பஸ் நின்றது. படியில் ஏறாமலே பையை உள்ளே நீட்டினான்.

“வீட்டுல குடுத்துடுங்க. நான் மேல ஓடி வர்றேன்.”

“தேர்வுதான் முடிஞ்சு போச்சே. இனி யாருக்குடா ஓடுற?”

குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினான். கோபம் மட்டும் இருந்தது.

பஸ் முக்கி முனகி மேட்டில் ஏறியது. இப்போது காதில் நன்றாகவே விழுந்தது. அவன் மண்பாதைக்குத் திரும்பினான். இருநூறு அடியில் மூச்சு முட்டியது. ஆறு நாள் ஓடிய பாதைதான். கீழிருந்து பார்த்தால் ஒரு வளைவுகூட அடையாளம் தெரியவில்லை.